உலாவியும் தேர்வுரிமையும்

தோற்றுவாய்

திருத்தணியிலிருந்து மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது எங்கள் ஊராகிய ஆர்.கே.பேட்டை. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உறவாடும் ஊர்; தறியோசை கேட்டுக் கண்விழிக்கும் ஊர். இவ்வூரில் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்து, என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் தொலைபேசியில் அழைத்தாள். மேற்படிப்பிற்கான விண்ணப்பத்தைத் தன் கைப்பேசி வழியே நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்றே இறுதி நாள்.

“ஐயா, எல்லாப் பக்கமும் நிரப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அனுப்புகிற பொத்தானே வரவில்லை. திருத்தணிக்குப் பேருந்து ஏறிக் கணினி மையத்துக்குப் போகலாமென்றால் இருட்டிவிட்டது” என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கும் வழி தெரியவில்லை. “மீண்டும் ஒருமுறை முயன்று பார் அம்மா” என்பதற்குமேல் சொல்ல இயலவில்லை.

சற்று நேரம் கழித்து அவளே மீண்டும் அழைத்தாள். கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர், “அக்கா, இந்தப் பிரவுசரை விட்டுவிட்டு வேறொன்றில் திறந்து பாருங்கள்” என்று கூறி, மற்றோர் உலாவியை இறக்கித் தந்திருக்கிறார். அதில் அப்பொத்தான் தோன்றியது. விண்ணப்பமும் சென்று சேர்ந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ‘உலாவி’ என்னும் கலைச்சொல்லின் அழகை வகுப்பில் வியந்து பேசிய ஆசிரியன் யான். ஆயினும், கைப்பேசியில் உலாவிகள் பல உண்டு என்பதையோ, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது என்பதையோ அம்மாணவிக்குச் சொன்னதில்லை. யானே அறிந்திருந்தேன் அல்லேன் என்பதே உண்மை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

உலாவும் உலாவியும்

தமிழில் வழங்கும் சிற்றிலக்கிய வகைகளுள் உலாவும் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வருவதையும், பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிர் அவனை நோக்கி நிற்பதையும் பாடுவது அதன் இலக்கணம். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானஉலாவும், ஒட்டக்கூத்தரின் மூவருலாவும் இவ்வகையில் பெயர்பெற்றவை. இச்சொல்லடியாகப் பிறந்ததே ‘உலாவி’ என்னும் இக்காலக் கலைச்சொல். இணையம் என்னும் பெருநகரில் தெருத்தெருவாக நம்மை அழைத்துச் செல்லும் மென்பொருளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

உலாவியின் பணி யாது? தொலைவிலுள்ள கணினியொன்றில் குறிமொழியால் எழுதப்பட்டுள்ள பக்கத்தை வாங்கிவந்து, நாம் படிக்கத்தக்க எழுத்தாகவும் படமாகவும் பொத்தானாகவும் திரையில் வரைந்து காட்டுவதே அதன் பணியாகும். இங்ஙனம் வரைந்து காட்டும் உட்பகுதியைப் ‘பொறி’ என்பர். ஒரே குறிமொழியை இரு பொறிகள் சிறிது வேறுபடப் பொருள்கொள்ளக்கூடும். புதிதாக வந்த விதியைப் பழைய பொறி அறியாதிருக்கவும்கூடும். ஒரே ஏட்டுச்சுவடியை இரு பதிப்பாசிரியர் வெவ்வேறு பாடமாகப் படிப்பது போன்றது இது. மாணவியின் திரையில் பொத்தான் மறைந்ததற்கும் இத்தகைய காரணமே இருந்திருத்தல் வேண்டும்.

கணினிக் காலத்துப் போட்டி

உலாவிகளிடையே போட்டி கைப்பேசியில் தோன்றியதன்று. 1994ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர், குறுகிய காலத்தில் பெரும்பாலானோரின் உலாவியாயிற்று. 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் களத்தில் இறக்கியது. பின்னர் அதனை விண்டோசு இயங்குதளத்தோடு சேர்த்தே வழங்கலாயிற்று. கணினியை வாங்கும்போதே உலாவியும் உள்ளிருக்க, வேறொன்றைத் தேடுவார் யார்? நெட்ஸ்கேப் தளர்ந்தது. 1998 மே மாதத்தில் அமெரிக்க அரசே மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது.

ஐரோப்பா வேறொரு தீர்வைக் கண்டது. 2010 முதல் விண்டோசுக் கணினியைப் பயன்படுத்துவோர் முன், ‘இவற்றுள் எந்த உலாவி வேண்டும்?’ என வினவும் தேர்வுத் திரை தோன்றல் வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இடையில் சில காலம் அத்திரையைக் காட்டத் தவறிய மைக்ரோசாப்ட், 2013இல் 56.1 கோடி யூரோ தண்டம் செலுத்த நேர்ந்தது. ‘கேட்காமல் கொடுப்பதும் ஒருவகைக் கட்டாயமே’ என்னும் கருத்தை உலகம் உணரத் தொடங்கிய காலம் அது.

கைப்பேசியில் தமிழ் தெரிந்த கதை

இப்போட்டியால் நேரடியாகப் பயன்பெற்ற மொழிகளுள் தமிழும் ஒன்றென்பது பலர் அறியாத செய்தி. திறன்பேசி பரவாத நாளில் நம்மவர் கையிலிருந்தவை விசைகள் கொண்ட சிறு கைப்பேசிகளே. அவற்றுள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்கட்டமாகத் தோன்றுமேயன்றி எழுத்துத் தோன்றாது. இணைய வேகமோ நத்தையின் வேகம்.

அந்நிலையில் கைகொடுத்தது நார்வே நாட்டு நிறுவனமொன்று 2006இல் உலகெங்கும் வெளியிட்ட ஓப்பரா மினி என்னும் உலாவியாகும். நாம் கேட்கும் பக்கத்தை அந்நிறுவனத்தின் கணினியே முதலில் வாங்கிச் சுருக்கி, பின்னர் நம் கைப்பேசிக்கு அனுப்பும். இதனால் செலவும் குறைந்தது, நேரமும் குறைந்தது. அதன் உள்ளமைப்பில் இருந்த ஒரு விருப்பத்தை மாற்றினால், தமிழ் போன்ற எழுத்து வடிவங்களை அந்நிறுவனத்தின் கணினியே படமாக மாற்றி அனுப்பிவிடும். எழுத்துரு இல்லாத கைப்பேசியிலும் தமிழ் தெரிந்தது. இந்நுட்பத்தை இணையத் தமிழ் எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரப்பினர்.

பின்னர் வந்த யூசி பிரவுசரும் இத்தகைய தேவையைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. சீனத்தில் தோன்றி, 2014இல் அலிபாபா நிறுவனத்தின் உடைமையான அவ்வுலாவி, சில ஆண்டுகள் இந்தியக் கைப்பேசிகளில் முன்னணியில் நின்றது. தரவுச் சிக்கனமும் விரைந்த பதிவிறக்கமும் மக்களை ஈர்த்தன. 2020 சூன் 29ஆம் நாள், நடுவணரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளுள் அதுவும் ஒன்றாக, அதன் இந்திய உலா முடிவுற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தேவை முள்ளாய்த் தைத்த காலத்தில், படித்தோரும் பாமரரும் தாமே தேடி உலாவியைத் தேர்ந்தெடுத்தனர். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் இணையத் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது, திறன்பேசிகளும் மலிந்தன. சிக்கனத் தேவை தளரவே, தேடும் பழக்கமும் தளர்ந்தது. கைப்பேசியில் எது இருந்ததோ அதுவே போதும் என்னும் மனநிலை வந்தது.

இயல்பிருப்பின் வலிமை

நாம் தேர்ந்தெடுக்காமலே, நமக்காக முன்கூட்டி அமர்த்தப்பட்டுள்ள உலாவியை ‘இயல்பிருப்பு உலாவி’ என்பர். குறுஞ்செய்தியில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டவுடன் தானே திறந்துகொள்வது எதுவோ, அதுவே அது. இவ்விடத்தைப் பிடிப்பதற்கே நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிடுகின்றன. அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த வழக்கில் வெளிவந்த சான்றொன்று நம்மை மலைக்க வைக்கும். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்பிருப்பாக விளங்க வேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் பிறருக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ‘வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமே’ என்பது எளிய விடைதான். மாற்றுவோர் பலராயின், மாற்றாதிருக்கும் இடத்திற்கு இத்துணை விலை கிடைக்குமா?

இந்தியாவில் இவ்வினாவை எழுப்பியவர்கள் மூன்று இளைஞர்கள். அவர்களுள் ஒருவர் அப்போது சட்டக்கல்லூரி மாணவர் என்பது நம் மாணவச் செல்வங்கள் மனங்கொள்ளத்தக்கது. 2018இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் அவர்கள் அளித்த முறையீடு, அவ்வாண்டின் 39ஆம் எண் வழக்காயிற்று. ஆண்ட்ராய்டு இயங்குதளம் விலையின்றிக் கிடைப்பது உண்மையே. எனினும் பிளே ஸ்டோர் என்னும் செயலியங்காடி தம் கைப்பேசியில் வேண்டுமென விரும்பும் உற்பத்தியாளர், குரோம் உலாவி, தேடுபொறி, யூடியூப் முதலிய கூகுள் செயலிகளின் தொகுப்பையும் சேர்த்தே பதித்துத் தரல் வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்காடி இல்லாத கைப்பேசியை வாங்குவார் அரியர். ஆகவே குரோம் உலாவி ஏறத்தாழ எல்லாக் கைப்பேசியிலும் தானே குடியேறியது.

2022 அக்டோபர் 20ஆம் நாள் ஆணையம் தீர்ப்பளித்தது. ‘கைப்பேசி இணைய உலாவிகள்’ என்பதனை ஒரு தனிச் சந்தையாகவே அத்தீர்ப்பு எடுத்து ஆராய்ந்தது. அச்சந்தையில் கூகுளுக்கு மேலாதிக்கம் உண்டென்றும், அங்காடிச் சந்தையில் தனக்குள்ள வலிமையைக் குரோம் உலாவியின் இடத்தைக் காப்பதற்குப் பயன்படுத்தியதென்றும், அது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவுக்கு முரணென்றும் ஆணையம் முடிவு செய்தது. விதித்த தண்டம் 1,337.76 கோடி ரூபாய்.

கூகுள் மேல்முறையீடு செய்தது. ஆண்ட்ராய்டால் மலிவான கைப்பேசி ஏழைக்கும் எட்டியது என்பதும், வேறு உலாவியை இறக்கிக்கொள்ள யாருக்கும் தடையில்லை என்பதும் அதன் வாதங்கள். இவற்றில் உண்மை இல்லையென எவரும் கூறார். 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 2023 மார்ச்சு 29ஆம் நாள், தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்து, ஆணையம் பிறப்பித்த கட்டளைகளுள் நான்கினை மட்டும் நீக்கியது. முன்பதித்த கூகுள் செயலிகளைப் பயனர் அகற்றுவதைத் தடுத்தலாகாது என்ற கட்டளை, அவ்வாறு நீக்கப்பட்ட நான்கனுள் ஒன்று. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடிச் சென்றது.

இதனால் விளைந்த பயன் உண்டு, எல்லையும் உண்டு. செயலிகளைத் தனித்தனியே பெற்றுக்கொள்ள உற்பத்தியாளருக்கு வழி பிறந்தது. கைப்பேசியை முதன்முதல் இயக்கும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பயனருக்குக் கிடைத்தது. ஆனால் அக்கட்டளை பேசியது தேடுபொறியைப் பற்றியே, உலாவியைப் பற்றியன்று. ஐரோப்பாவிலோ, 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எண்ணியல் சந்தைச் சட்டத்தின் கீழ், உலாவிக்கும் தேர்வுத் திரை காட்டப்படுகிறது. அதன்பின் சிறு உலாவி நிறுவனங்கள் சில, தம் பயனர் தொகை உயர்ந்ததாக அறிவித்தன. கேட்டால் மக்கள் தேர்ந்தெடுப்பர் என்பதற்கு இது சான்றாகும்.

பெயர் பல, பொறி சில

போட்டி உண்டென்று சொல்லும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. எங்கள் ஊரில் ஒரே தறியில் நெய்த துணிக்கு வெவ்வேறு கடைக்காரர் வெவ்வேறு முத்திரை ஒட்டி விற்பதுண்டு. முத்திரையைப் பார்த்து வாங்குவோர் தறி ஒன்றென அறியார். உலாவிச் சந்தையின் நிலையும் ஏறக்குறைய அதுவே. குரோம், மைக்ரோசாப்ட் எட்ஜ், சாம்சங் இன்டர்நெட், ஓப்பரா, பிரேவ் முதலியவை ஆண்ட்ராய்டில் குரோமியம் என்னும் ஒரே திறந்த அடித்தளத்தின்மீது எழுந்தவை. அதன் பொறியின் பெயர் பிளிங்க். மொசில்லா அமைப்பின் ஃபயர்பாக்சு மட்டுமே கெக்கோ என்னும் தனிப்பொறியோடு நிற்கும் பெயர்பெற்ற உலாவி. தன்னார்வலர்கள் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கித் தந்துள்ளனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

ஐபோனில் நிலை இன்னும் வியப்பானது. எந்தப் பெயரில் உலாவியை இறக்கினாலும் ஆப்பிளின் வெப்கிட் பொறியே உள்ளிருந்து இயங்கல் வேண்டும் என்பது அந்நிறுவனம் நெடுங்காலமாக வகுத்த விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் அவ்விதி சட்டத்தால் தளர்ந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. சபாரியை விடுத்து வேறோர் உலாவியை இயல்பிருப்பாக அமைக்கும் வசதியே அங்கு 2020இல்தான் வந்தது.

ஒரே பொறி எங்கும் பரவுவதால் தீங்கென்ன என வினவலாம். தளம் அமைப்போர் அவ்வொரு பொறியில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு அமைந்துவிடுவர். பிற பொறியைப் பயன்படுத்துவோரும் பழைய பதிப்பைப் பயன்படுத்துவோரும் வாயிலுக்கு வெளியே நிற்பர். பழைய கைப்பேசி வைத்திருப்போர் பெரும்பாலும் எளிய குடும்பத்தினரே. விண்ணப்பமும் உதவித்தொகையும் சான்றிதழும் இணையத்தின் வழியே வரும் இந்நாளில், இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நில்லாது. வாழ்க்கைச் செய்தியாகி விடுகிறது.

தமிழ்ப் பெயரில் ஓர் உலாவி

2023 மே மாதத்தில், தமிழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் ‘உலா’ என்னும் தமிழ்ப் பெயரிலேயே உலாவியொன்றை வெளியிட்டது. இதுவும் குரோமியம் அடித்தளத்தில் எழுந்ததே. ஆயினும் பயனரைப் பின்தொடரும் கண்காணிப்பைத் தடுத்தலே தன் சிறப்பென அந்நிறுவனம் கூறுகிறது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் நடுவணரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், இந்திய உலாவி உருவாக்கத்திற்கான போட்டியொன்றை அறிவித்தது. 2025 மார்ச்சு 20ஆம் நாள் வெளியான முடிவில் சோகோ முதற்பரிசாகிய ஒரு கோடி ரூபாயைப் பெற்றது.

பெயர் நம் பெயர் என்பதற்காக மட்டும் ஓர் உலாவியைக் கொள்ளுதல் வேண்டா. தகுதி கண்டே கொள்ளுதல் வேண்டும். ஆனால் அப்பெயர் ஓர் எண்ணத்தைத் தூண்டுகிறது. பழைய உலாவில், செல்பவனை வீதியிலுள்ளோர் நோக்கினர். அவன் அதனை அறிந்தே சென்றான். இணைய உலாவிலும் நாம் செல்லும் தெருவெல்லாம் நம்மை நோக்கும் கண்கள் உண்டு. எதைப் படித்தோம், எவ்வளவு நேரம் நின்றோம், எதனை விலை கேட்டோம் என்பவற்றை விளம்பர நிறுவனங்கள் குறித்துக்கொள்கின்றன. நாமோ அதனை அறியாமல் செல்கிறோம். அக்கண்களுக்குத் திரையிடுவதா, வழிவிடுவதா என்பதனைப் பெரிதும் முடிவு செய்வது உலாவியே. ஆதலின் உலாவித் தேர்வு என்பது வசதியைப் பற்றிய தேர்வு மட்டுமன்று. மானத்தைப் பற்றிய தேர்வுமாகும்.

பயனர் செய்யத்தக்கன

கட்டுரையைப் படித்தோர் கையோடு செய்யத்தக்க சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பது பொருந்தும்.

முதலாவது, கைப்பேசியில் குறைந்தது இரண்டு உலாவிகளேனும் இருத்தல் நன்று. அவை வெவ்வேறு பொறி கொண்டவையாயின் மிக நன்று. ஆண்ட்ராய்டில் குரோமும் ஃபயர்பாக்சும் அத்தகைய இணை. ஒன்றில் திறவாத பக்கம் மற்றொன்றில் திறக்கக்கூடும்.

இரண்டாவது, இயல்பிருப்பை மாற்றும் வழியை ஒருமுறையேனும் செய்து பார்த்தல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகள் பகுதியில் செயலிகள், அதனுள் இயல்பிருப்புச் செயலிகள், அதனுள் உலாவி எனச் சென்றால் பட்டியல் தோன்றும். கைப்பேசிக்குக் கைப்பேசி சொற்கள் சிறிது மாறலாம்; வழி பெரிதும் மாறுவதில்லை.

மூன்றாவது, உலாவியை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். பழைய பதிப்பில் பக்கங்கள் சிதைவதோடு, பாதுகாப்புக் குறைகளும் திருத்தப்படாமல் நிற்கும்.

நான்காவது, வங்கிப் பணிக்கும் விண்ணப்பப் பணிக்கும் பயன்படுத்தும் உலாவியை, நிறுவனத்தின் பெயரை உறுதிசெய்துகொண்டு அதிகாரமுள்ள அங்காடியிலிருந்தே இறக்குதல் வேண்டும். பிறர் அனுப்பும் இணைப்பிலிருந்து இறக்குதல் தீது.

ஐந்தாவது, தளம் அமைப்போருக்கும் ஒரு சொல். அரசு அலுவலகமாயினும் கல்வி நிறுவனமாயினும், தம் பக்கத்தைப் பழைய கைப்பேசியிலும் பல உலாவியிலும் திறந்து பார்த்தபின்னரே மக்கள்முன் வைத்தல் அறமாகும்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது ஒன்று. போட்டி சட்டத்தால் காக்கப்படலாம். நீதிமன்றங்கள் தண்டமும் விதிக்கலாம். ஆயின் தேர்வுரிமை என்பது பயனர் கைவிரல் அசைந்தாலன்றி உயிர்பெறுவதில்லை. எழுத்துருவே இல்லாத கைப்பேசியில் வழி தேடித் தமிழைப் படித்தவர்கள் நம் மக்கள். வசதி பெருகிய இந்நாளில் அத்தேடலைக் கைவிட்டோம் என்பதே வருந்தத்தக்கது.

அம்மாணவி இன்று முதுகலை முடித்து, ஊரிலேயே மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். அண்மையில் கண்டபோது தன் தாயின் கைப்பேசியைக் காட்டினாள். அதில் உலாவி இரண்டு இருந்தன. “அம்மாவுக்கு இரண்டையும் திறக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் ஐயா” என்றாள். யான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடத்தை அவள் தன் தாய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இவ்வாண்டு முதல் என் வகுப்பில் ‘உலாவி’ என்னும் சொல் வருமிடத்து, மாணவரைத் தம் கைப்பேசியை எடுக்கச் சொல்லி, அதில் எத்தனை உலாவிகள் உள்ளன என்று கேட்ட பின்னரே மேற்செல்கிறேன்.